லாண்டரியம்மாவும் மஞ்சள் விளக்கும்

லாண்டரியம்மாவின் வாயில் விழுந்து எழாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. அவள் கடையில் துணியை மெஷின் துவைக்கும், ஆளை அவளே துவைப்பாள். ஒருமுறை ஹோட்டல் மேனேஜர் ஒருவர் ஃபோன் செய்து படுக்கை விரிப்பில் கறை அப்படியே இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். "கறை என்ன சார் செய்யும், உங்க ரூம்ல தங்கறவங்க அப்படி. வேணும்னா அவங்களையும் மூட்டை கட்டி அனுப்புங்க, பெரிய மெஷின்ல போடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகும் அந்த ஹோட்டல் துணி அவளிடம்தான் வந்தது. வாய் எப்படியோ, வேலை சுத்தம்.

ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமும் அவளுக்குக் கிடையாது. பார்த்த மாத்திரத்தில் ஒரு பட்டம் கட்டிவிடுவாள். அது காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், "இந்த வயசுல கை ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும்" என்று முதல் நாளே சொல்லித் தொலைத்தார். அவள் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அவர் இன்றைக்கும் 'கைகால்'தான். கடையில் துணி தேய்க்கும் ரோலர் பிரஸ்ஸில் நின்று விரிப்புகளைத் தள்ளும் பெண் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவளுக்கு 'மௌனம்' என்று பெயர்.

அவள் பிறக்கும்போதே இப்படிப் பிறந்தவள் அல்ல. கல்யாணமாகி வந்த புதிதில் அந்தக் கடையை நடத்தியது அவளுடைய கணவரின் அண்ணன். விரிப்பை எப்படி மடிப்பது, நீராவியை எப்போது திறப்பது, சோப்புத் தூளை எந்தக் கையால் அள்ளுவது என்று வருடக்கணக்கில் அவளுக்குப் பாடம் எடுத்தவர். தன் கைக்குட்டையைக்கூட ஒருநாளும் மடித்தது கிடையாது. ஒரு விற்பனைக்காரன் வந்து கோட்டு சூட்டுகளுக்கென்று ஒரு பெரிய மெஷினைக் காட்டினான். "பாருங்க, விஷயம் என்னன்னா" என்று அவன் ஆரம்பித்ததும் இவர் வாயைப் பிளந்தார். மெஷின் வந்தது, மூலையில் உட்கார்ந்தது, கடைசிவரை ஒரு கோட்டைக்கூட ஒழுங்காகத் துவைக்கவில்லை. அண்ணன்காரர் கடையைத் தம்பி தலையில் கட்டிவிட்டுக் கிளம்பினார். சில வருடங்களில் தம்பியும், அதாவது அவள் கணவரும், கண்ணை மூடினார். அன்றிலிருந்து கடையும் அவள்தான், கல்லாவும் அவள்தான். "விஷயம் என்னன்னா" என்று யாராவது ஆரம்பித்தால் போதும், அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாம் தெரிந்தவன் என்று ஒருவன் உலகத்தில் இருக்கவே முடியாது, இருந்தால் அவன் ஏமாற்றுக்காரன். இதுதான் அவள் முடிவு.

அவளுக்கென்று மிஞ்சிய சொந்தம் ஒரே தம்பி. பேருந்துக் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். சாதுவான மனுஷன், கெட்ட பழக்கம் ஏதும் கிடையாது, ஒன்றைத் தவிர. ஏதாவது ஒரு கருவியை வாங்குவான், வாங்கிய மறுநாளே அதில் நிபுணராகிவிடுவான். ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் வாங்கிய வருடம் சொந்தக்காரர்கள் அவனைக் கண்டாலே சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டார்கள். பிறகு சுவரில் ஈரம் பார்க்கும் கருவி ஒன்று வந்தது. போகிற வீட்டிலெல்லாம் சுவரில் வைத்து, "உள்ள ஈரம் இருக்கு" என்று தலையை ஆட்டினான்.

"உன் தலைக்குள்ளயும் வச்சுப் பாரு, அங்கதான் நிறைய இருக்கும்" என்பாள் அக்கா. 'நிபுணர்' என்ற பட்டத்தைக் கொடுத்ததும் அவள்தான். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான், சிரிப்பான். ஞாயிறு தவறாமல் மதியச் சாப்பாடு முடிந்ததும் அக்கா கடைக்கு வந்துவிடுவான். அன்றைக்காவது வீடு நிம்மதியாக இருக்கட்டும் என்று அவன் மனைவியே அனுப்பி வைத்தாள். மெஷின்கள் ஓய்ந்து கிடக்கும் அந்த நேரத்தில், துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து இருவரும் தேநீர் குடிப்பார்கள். அவள் திட்டுவாள், அவன் சிரிப்பான். அதுதான் அவர்களுக்குள் இருந்த பாசம். வேறு மாதிரிக் காட்ட இருவருக்கும் தெரியாது.

அவளிடம் ஒரு பழைய கார் இருந்தது. பின்பக்கம் நீளமானது. பின் சீட்டை மடக்கிப் போட்டு, துணி மூட்டைகளைக் கூரை வரைக்கும் அடுக்குவாள். ஒருநாள் காலை ஆஸ்பத்திரிக்கு டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளைக் கொண்டுபோகும்போது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. எஞ்சின் படம். ஒரு வாரம் அதைப் பார்க்காத மாதிரியே ஓட்டினாள். அதுவும் அணைகிற மாதிரித் தெரியவில்லை. கடைசியில் சாலை முனையிலிருந்த ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

ஒர்க்‌ஷாப்காரர் எதைக் காட்டினாலும் "மாத்திடலாம்" என்பார். அதனால் அவருக்குப் பெயரும் அதுவேதான். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் சொருகி, கையிலிருந்த சிறு திரையைப் பார்த்தார்.

"ஆக்சிஜன் சென்சார்மா. புகைக் குழாயில இருக்கும். எரிஞ்ச புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் கூடவா குறைவான்னு எஞ்சினுக்குச் சொல்றது அதுதான். போயிடுச்சு. மாத்திடலாம்."

"நீங்க குனிஞ்சு பார்த்தீங்களா?"

"கம்ப்யூட்டரே சொல்லுதே."

"கம்ப்யூட்டர் சொன்னதை வாசிச்சுக் காட்டவா இவ்வளவு பெரிய ஷெட்டு போட்டு உக்காந்திருக்கீங்க? சரி, சரி, எனக்குக் கதை வேண்டாம். சாயந்திரம் வர்றப்ப விளக்கு அணைஞ்சிருக்கணும்."

சாயந்திரம் விளக்கு அணைந்திருந்தது. ஒன்றிரண்டு மாதம் அது நல்ல பிள்ளையாக இருந்தது. பிறகு மறுபடியும் எரிந்தது. அவள் ஒர்க்‌ஷாப் வாசலில் காரை நிறுத்தி இறங்காமலேயே, நாலு பேர் கேட்கும்படி மாத்திடலாத்தைத் துவைத்துக் காயப்போட்டாள். அவர் அசரவில்லை. திரும்பவும் ஒயரைச் சொருகினார். இந்தத் தடவை திரை வேறொன்றைச் சொன்னது. புகைக் குழாயின் நடுவில் கன்வெர்ட்டர் என்று ஒரு டப்பா இருக்கிறது, நச்சுப் புகையை அதுதான் சுத்தம் செய்து வெளியே விடுகிறது, அது வேலை செய்யவில்லை என்றது.

"மாத்திடலாம்" என்றார்.

"உங்களை மாத்தினா எல்லாம் சரியாப் போகும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

இந்த விவகாரம் தம்பியின் காதில் விழுந்ததுதான் தாமதம், அடுத்த ஞாயிறே ஒரு பையோடு வந்து இறங்கினான். பைக்குள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு ஸ்கேனர். காரில் சொருகினால் ஃபோனில் எல்லாம் தெரியுமாம்.

"வந்துட்டார்யா நிபுணர்" என்றாள் அவள். "போன வருஷம் சுவரு, இந்த வருஷம் காரு. அடுத்த வருஷம் என்ன, ராக்கெட்டா?"

"நீ திட்டிக்கிட்டே இரு. எஞ்சினை மட்டும் ஸ்டார்ட் பண்ணு."

எஞ்சின் சூடாகும்வரை பொறுமையாகக் காத்திருந்தான். பிறகு ஃபோனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். திரையில் இரண்டு கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று மேலும் கீழுமாகத் துள்ளியது. இன்னொன்றும் அதைப் பார்த்துக் காப்பியடிப்பது போலத் துள்ளியது.

"மேல இருக்கே, அது கன்வெர்ட்டருக்கு முன்னாடி இருக்கிற சென்சார். அது துள்ளலாம். கீழ இருக்கறது கன்வெர்ட்டருக்குப் பின்னாடி இருக்கறது. அது ஆடாம அசையாம போகணும். உள்ள போற புகையும் வெளிய வர்ற புகையும் ஒண்ணா இருந்தா, நடுவுல இருக்கறவன் வேலையே செய்யலன்னுதானே அர்த்தம்?"

அவளுக்கு அது புரிந்தது. அழுக்குத் துணி உள்ளே போய் அழுக்காகவே வெளியே வந்தால் மெஷினைத்தானே சந்தேகிக்க வேண்டும். ஆனால் புரிந்ததாகக் காட்டிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

"ரெண்டு புழு நெளியுது. இதுக்கு ஒரு படிப்பா?"

தம்பி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் முகத்தில் வேறு ஏதோ யோசனை ஓடியது. "மாத்திடலாம் சொன்னது தப்பில்லக்கா. கன்வெர்ட்டர் போயிடுச்சுதான். ஆனா அது சும்மா சாகாது. புதுசாப் போட்ட சென்சாரும் ஏன் இவ்வளவு மந்தமாத் துள்ளுது? யாரோ கொல்றாங்க. அது யாருன்னு பார்க்காம மாத்தினா, மாத்தறதும் சாகும்."

எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, ஒரு மணி நேரம் தரையில் புரண்டு, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, முன்பக்கத்துச் சென்சாரைக் கழற்றினான். கைக்குட்டையில் வைத்து வெளிச்சத்தில் காட்டினான். கரியாக இருக்க வேண்டிய முனையில் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளையாகப் பொரபொரவென்று ஏதோ படிந்திருந்தது.

"இது கரி இல்ல. உள்ள எங்கயோ தண்ணி போகுது. அக்கா, ரேடியேட்டர்ல தண்ணி குறையுதா? நீ ஏதாவது ஊத்தறியா?"

உண்மை என்னவென்றால், அவள் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஏறக்குறைய ஒரு வருடமாக. ஒருநாள் சூடு காட்டும் முள் மேலே ஏறியது. பானெட்டைத் திறந்து, கடைக் குழாயில் பிடித்த ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றினாள், முள் இறங்கியது. பழைய கார், தாகம் எடுக்கிறது, கொடுத்தால் போயிற்று என்று விட்டுவிட்டாள். முதலில் வாரத்துக்கு ஒரு பாட்டில். இப்போது ஒன்றுவிட்டு ஒருநாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆளுக்கு ஒரு பாடம் எடுப்பார்கள்.

தம்பி கைக்குட்டையோடு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியில் கிரீஸ். கண்ணில் ஒரு பளபளப்பு. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் வாங்கிய ஒரு கருவி உருப்படியாக எதையோ கண்டுபிடிக்கப் போகிறது. அந்தப் பளபளப்பைத்தான் அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இனிமேல் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இதைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கும்!

"நான் எதுக்கு ஊத்தணும்? எனக்கு வேற வேலை இல்லையா?" என்றாள்.

"நிஜமாவா?"

"பின்ன? நான் என்ன உன்ன மாதிரி வெட்டியாவா இருக்கேன், காருக்குத் தண்ணி காட்டிக்கிட்டு?"

அவன் நம்பிவிட்டான். கண்ணிலிருந்த பளபளப்பு குறைந்து, யோசனை பெட்ரோல் பக்கம் திரும்பியது. "அப்ப பெட்ரோல்லதான் ஏதோ கலப்படம். இனிமே அந்த பங்க்ல போடாத" என்றான். தண்ணீரை மறந்தே போனான். அக்கா இல்லை என்று சொல்லிவிட்டாள், அதற்குமேல் என்ன.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அக்காவின் பிறந்தநாள் வந்தது. தம்பி தன் கைக்காசைப் போட்டு ஒரு புதுக் கன்வெர்ட்டரும் சென்சாரும் வாங்கி, மாத்திடலாத்தைப் பிடித்துத் தன் மேற்பார்வையிலேயே மாட்டவைத்துவிட்டான். பிறந்தநாளுக்குப் புகைக் குழாயைப் பரிசாகக் கொடுத்த ஒரே தம்பி என்று அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். வாய் சிரித்ததே தவிர, அன்று சாயந்திரம் பானெட்டைத் திறந்து பாட்டிலைச் சாய்க்கும்போது கை தயங்கியது. இப்போதாவது சொல்லிவிடலாம். ஆனால் இப்போது சொன்னால் அன்றைக்குச் சொன்னது பொய் என்றாகும். ஊற்றிவிட்டு பானெட்டை மூடினாள்.

சில மாதம் போனது, விளக்கும் திரும்பி வந்தது.

அந்த ஞாயிறு தம்பி கடை நடுவில் துணி மூட்டை மேல் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டான். மறுபடியும் அதே இரண்டு கோடுகள், மறுபடியும் அதே வெள்ளைப் பூச்சு. "எனக்குப் புரியலக்கா. எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். எங்க தப்புன்னே தெரியல."

"உனக்கு எதுதான் புரிஞ்சுது, இது புரியறதுக்கு?" என்றாள் அவள். சொன்னபோதே நாக்கு கசந்தது. ஆனால் பழகிய வாய், தானாகவே வந்துவிட்டது.

அன்று அவசர வேலை என்று மௌனமும் வந்திருந்தாள். ரோலரிலிருந்து ஒரு விரிப்பை உருவி மடித்துக்கொண்டிருந்தவள், அவன் வருத்தத்தைப் பார்த்து மனமிரங்கி, அன்றைய தன் நாலு வார்த்தையைச் செலவழித்தாள்.

"தண்ணி ஊத்தறதாலயா இருக்குமோ அண்ணே? அம்மாதான் ஒண்ணுவிட்டு ஒருநாள் ஒரு பாட்டில் ஊத்தறாங்களே."

லாண்டரியம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. கடைக்கு வந்து இத்தனை வருடத்தில் எத்தனையோ சாயம் வெளுத்ததைப் பார்த்தவள் அவள். தன்னுடையது வெளுக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

தம்பி திரும்பி அவளைப் பார்த்தான். ஒரு சத்தம் போட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலை, அவளும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பாள். அவன் ஸ்கேனரை எடுத்துத் துடைத்தான், பைக்குள் வைத்தான், ஜிப்பை இழுத்து மூடினான். பாதி குடித்த தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் போனான். மௌனம் விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, பேசாமலே இருந்திருக்கலாமோ என்பது போல நின்றாள்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஃபோன் செய்தால் அவன் மனைவிதான் எடுத்தாள். "வேலைக்குப் போயிட்டாரு அண்ணி" என்றாள். ஞாயிற்றுக்கிழமையில் என்ன வேலை என்று கேட்க இவளுக்கு முகம் இல்லை. கடையில் உட்கார்ந்து திட்ட ஆள் இல்லாமல், காலி டிரம்மைப் பார்த்து, "சனியன் பிடிச்ச மெஷின்" என்றாள். அது சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை காரை எடுத்துக்கொண்டு நேராக மாத்திடலாத்திடம் போனாள். இந்தத் தடவை இறங்கினாள்.

"ஒரு வருஷத்துக்கு மேலா தண்ணி ஊத்திக்கிட்டிருக்கேன்" என்றாள், யாரோ அடித்துச் சொல்லவைத்த மாதிரி.

அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு கைப் பம்பைக் கொண்டுவந்து ரேடியேட்டர் மூடி இருந்த இடத்தில் மாட்டி அழுத்தினார். பம்பில் அழுத்தம் காட்டும் முள் ஏறியது, பிறகு மெதுவாக இறங்க ஆரம்பித்தது. குனிந்து காருக்கு அடியில் ஒரு அட்டையைத் தள்ளிப் பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. தண்ணீர் வெளியே வரவில்லை, ஆனால் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றி வரிசையாக வைத்தார். மூன்று பழுப்பாக இருந்தன. நாலாவது மட்டும் தலைக்குக் குளித்துவிட்டு வந்தது போலப் பளிச்சென்று இருந்தது.

"பாத்தீங்களா? இந்த சிலிண்டருக்குள்ளதான் போகுது. சிலிண்டருக்குள்ள தண்ணி போகாம அடைக்கற தகடு, ஹெட் கேஸ்கெட், அது போயிடுச்சு. தண்ணி கசிஞ்சு, ஆவியாகி, அந்த உப்பெல்லாம் புகையோட போய் சென்சார்லயும் கன்வெர்ட்டர்லயும் படியுது. எத்தனை புதுசு போட்டாலும் இதே கதிதான்."

"இதை முதல் நாளே பார்த்திருந்தா என்னவாம்?" பழைய வேகத்தில் கேட்டுவிட்டாள்.

மாத்திடலாம் கையைத் துணியில் துடைத்தார். "நீங்க எங்கம்மா பார்க்க விட்டீங்க? கதை வேண்டாம், சாயந்திரம் விளக்கு அணையணும்னீங்க. அணைச்சேன். உங்ககிட்ட நாலு கேள்வி கேட்டுட்டு யாரு பேச்சு வாங்கறது? அதுக்கு பார்ட்ஸ் மாத்திட்டுப் போயிடலாம்."

சோம்பேறிதான் அவர். தன் சோம்பேறித்தனத்துக்கு அவள் வாயைச் சாக்காகச் சொல்கிறார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் சொன்னதில் பொய் இல்லை.

"கேஸ்கெட்டை மாத்திடலாமா?" என்றார்.

"மாத்துங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அவருக்கே அது பயமாக இருந்தது.

எஞ்சினைப் பிரித்துப்போட்டார்கள். கார் இல்லாத நாட்களில் ஆஸ்பத்திரிக் கோட்டுகளை அவள் பேருந்தில் தூக்கிக்கொண்டு போனாள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மடியில் ஒரு மூட்டை, காலடியில் ஒரு மூட்டையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, ஒரு நிறுத்தத்தில் பரிசோதகர் ஏறினார். அவளுடைய தம்பிதான். சீருடையில் அவனை அவள் அதிகம் பார்த்ததில்லை. வீட்டில் இருப்பதைவிட நிமிர்ந்து நின்றான்.

வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தான். அவள் இருக்கைக்கு வந்ததும், "டிக்கெட்" என்றான்.

நீட்டினாள். வாங்கிப் பார்த்தான், திருப்பிக் கொடுத்தான், அடுத்த இருக்கைக்கு நகர்ந்தான்.

"டேய்" என்றாள். அவன் நிற்கவில்லை. "டேய், நான் பொய் சொன்னேன்டா!"

பேருந்தே திரும்பிப் பார்த்தது. டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்டவள் என்று நினைத்து முன் இருக்கைக்காரர் உச்சுக்கொட்டினார். "உங்களை யாரு கேட்டா?" என்று அவர்மேல் பாய்ந்தாள். தம்பி திரும்பி வந்து அவள் காலடியிலிருந்த மூட்டையைத் தூக்கினான். "அடுத்த ஸ்டாப்ல இறங்கு. மானத்த வாங்காத."

இறங்கி நிழற்குடையின் கீழ் நின்றார்கள். பேருந்து போய்விட்டது. இரண்டு பேருக்கும் நடுவில் டாக்டர்களின் கோட்டுகள்.

"ஏன் சொல்லல?" என்றான்.

"சொல்லியிருந்தா நீ ஜெயிச்சிருப்ப."

"எதுல?"

யோசித்துப் பார்த்தால் போட்டியே இருந்ததில்லை. அவள் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"தினம் எத்தனை பேர் எங்கிட்ட பொய் சொல்றாங்க தெரியுமா?" என்றான் தம்பி. "டிக்கெட் பறந்துடுச்சு, பர்ஸ் தொலைஞ்சுது, குழந்தைக்கு உடம்பு சரியில்ல. நான் நம்பிடறேன்னு நீ எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்ப. நான் எதையும் நம்பறதில்லக்கா. முகத்தைப் பார்த்தாலே தெரியும். பாவம்னு விட்டுடுவேன், அவ்வளவுதான். நான் நிஜமா நம்பினது உன்ன மட்டும்தான். உன் வாய் மோசம், ஆனா பொய் வராதுன்னு நினைச்சேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். ஆனால் கடைசி வாக்கியத்தில் உதட்டோரம் ஒரு சுளிப்பு இருந்தது. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்த சுளிப்பு. மற்றவர்களைப் பார்க்கும்போது அவள் உதட்டில் வருவது. அதை வாங்கிக்கொள்கிற பக்கம் நின்றால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

"கேஸ்கெட்" என்றாள். "ஹெட் கேஸ்கெட்டாம். நீ தண்ணின்னு சொன்னது சரிதான்."

"சரின்னு எனக்குத் தெரியும்" என்றான். "அடுத்த வண்டி வருது. மூட்டையைப் பிடி."

கார் திரும்பி வந்தது. தம்பி வாங்கிக் கொடுத்த கன்வெர்ட்டர் பிழைக்குமா என்று கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்தார்கள். பிழைக்கவில்லை. இன்னொன்றை அவளே வாங்கி மாட்டினாள், அது பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. மஞ்சள் விளக்கு அதற்குப் பிறகு எரியவில்லை. மௌனத்தை ஏதாவது சொல்வாள் என்று கடையே பயந்து கிடந்தது. ஒன்றும் சொல்லவில்லை. இரண்டொரு தடவை, "வேற ஏதாவது பார்த்தா சொல்லு, வாயில என்ன பூட்டா?" என்று அதட்டினாள். மன்னிப்புக் கேட்பது என்பது அவளைப் பொறுத்தவரை அவ்வளவுதான்.

மற்றபடி அவள் மாறிவிட்டாள் என்றெல்லாம் சொல்வதற்கில்லை. ஹோட்டல் மேனேஜர் பேச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தார். கைகால் ஒருநாள் கடைக்குத் திரைச்சீலையைத் துவைக்கப் போட வந்து, போட்டோம் பிழைத்தோம் என்று ஓடினார். தம்பி விஷயத்தில்தான் எதுவோ கொஞ்சம் விலகியிருந்தது. விசேஷம் என்றால் வந்தான், பேசினான், கேட்டதற்குப் பதில் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரவில்லை. கோபம் இல்லை என்றான். கோபம் இருந்தால்தான் அவளுக்குத் தீர்க்கத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவளே ஃபோனை எடுத்தாள். இந்தத் தடவை அவனே பேசினான்.

"நாளைக்கு வர்றியா?"

"ஏன், என்ன ரிப்பேர்?"

"ரிப்பேர் ஒண்ணும் இல்ல."

"டிரையர் ஏதாவது சத்தம் போடுதா?"

"இல்லடா. எல்லாம் ஓடுது."

"அப்ப எதுக்கு வரணும்?" என்றான்.

வாயில் ஒரு பதில் தயாராக வந்து நின்றது, நல்ல காரமான பதில். அதை விழுங்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"டீ ஒருத்திக்குப் போட்டா நல்லா வரமாட்டேங்குது" என்றாள்.

"பார்க்கறேன்" என்று சொல்லி வைத்தான்.

மறுநாள் கொஞ்சம் தாமதமாக, வெயில் இறங்கிய பிறகு வந்தான். கையில் பை இல்லை. வழக்கமான மூட்டை மேல் உட்காராமல், வாசலோரம் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவள் தேநீரைக் கொண்டுபோய் அங்கேயே கொடுத்தாள்.